கோத்தன்பர்க்கில் நான் கேட்காத கேள்வி

கோத்தன்பர்க் நகரத்தைப் பற்றி என்னிடம் நாற்பத்தொரு பக்கக் குறிப்பு இருக்கிறது. ஐந்து நாளுக்கு இது அதிகம்தான். எந்த டிராம் எந்தத் தெருவில் திரும்புகிறது, உருளைக்கிழங்கு என்ன விலை, சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது, மறைந்த பிறகும் எதுவரை விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் அங்கே போன காரியத்துக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அது 1972ஆம் ஆண்டு. மான்ட்ரியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயப் படிப்பு மாணவர்களுக்கு மண்ணியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு ரொக்ஸ்பரோவில். அந்த ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போக வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு சென்னையிலிருந்து என் அக்கா எழுதினாள். நீல நிற விமானக் கடிதம், மடிப்பின் ஓரம் வரை எழுத்து.

"நம் சுகந்திக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் பாஸ்கரன். கோத்தன்பர்க்கில் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினியர். அவன் அப்பா இங்கே நமக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். நீயும் அந்தப் பக்கம்தானே இருக்கிறாய். ஒரு நடை போய் நாலு பேரிடம் விசாரித்துத் தந்தி கொடு. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் செய்ய வேண்டுமாம். ஜூன் 24, சனிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். நீ சரி என்றால் எங்களுக்குச் சரி."

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் சுகந்தி ஒரு வரி சேர்த்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தாள். "மாமா, அந்த ஊரில் நல்ல லைப்ரரி இருக்கா பாருங்க."

என் மனைவி கமலா கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "நாலு பேர்கிட்ட விசாரிக்கணுமாம். அங்க நாலு பேருக்கு எங்க போவீங்க?"

"போனா கிடைப்பாங்க" என்றேன்.

ஜூன் 19, திங்கட்கிழமை மாலை நான்கு பத்துக்கு ரயில் கோத்தன்பர்க்கை அடைந்தது. ஆறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. தெருக்களின் முடிவில் பாரந்தூக்கிகள் தெரிந்தன. மான்ட்ரியலில் எட்டு வருடம் இருந்தும் சென்ட் லாரன்ஸ் ஆற்றை நான் பார்த்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்துதான். கரையோரம் முழுவதும் தானியக் கிடங்கும் தண்டவாளமும் வேலியும். இங்கே மக்கள் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். போய், உட்கார்ந்து, பேசாமல் இருக்கிறார்கள்.

அந்தப் பேசாமைதான் முதல் நாள் என்னைத் தாக்கியது. மான்ட்ரியலில் கடைக்குள் நுழைந்தால் முதலில் பிரெஞ்சில் வணக்கம் சொல்வார்கள், நாம் விழித்தால் ஆங்கிலத்தில் கேட்பார்கள், இரண்டிலும் ஒரு சின்ன சண்டையாவது போடலாம். கோத்தன்பர்க்கில் கடைக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு இயந்திரம் இருக்கிறது. அதிலிருந்து எண் போட்ட சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரொட்டிக்கும் சீட்டு, மருந்துக்கும் சீட்டு. யாருக்கும் யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லாதபடி ஊரை அமைத்திருக்கிறார்கள். இதைப் பெரிய நாகரிகம் என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை விடுதியில் புளித்த பால் ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். தயிருக்கு ஒன்றுவிட்ட தம்பி. உப்புப் போட்டுக் குடித்தேன். பக்கத்து மேசைக்காரர் தன் பாலில் சர்க்கரை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பன் சாப்பிட்டேன். ஏலக்காய் வாசனை தூக்கியது. கேரளத்து மலையில் விளைவதை இவர்கள் கோதுமை மாவில் போட்டுப் பிசைகிறார்கள். மீன் சந்தை ஒன்று பார்த்தேன், வெளியிலிருந்து பார்த்தால் சர்ச் போல இருக்கிறது. நான் சைவம். உள்ளே போய் விலைகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

மிட்டாய்க் கடை வாசலில் நான்கு தள்ளுவண்டிகள் நின்றன. நான்கிலும் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தாய்மார்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு ஒரு ஆள் இல்லை. பத்து நிமிடம் நானே காவல் நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதும் நடந்துவிட்டேன்.

பிற்பகல் மூன்றரைக்குப் பாஸ்கரன் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். அவனைப் பார்க்க அல்ல. அக்கம்பக்கத்தில் விசாரிக்க. நம் ஊரில் எப்படிச் செய்வோமோ அப்படி. தெருமுனைக் கடை, எதிர் வீடு, கீழ் வீடு. மயிலாப்பூராக இருந்தால் அரை மணியில் அவன் தாத்தாவின் மூலநோய் வரை தெரிந்திருக்கும். இங்கே தெருமுனையில் கடை இல்லை. எதிர் வீட்டில் மணி அடித்தேன், திறக்கவில்லை. கடைசியில் மாடிப்படியில் ஒரு கிழவர் கிடைத்தார். கப்பலில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் பேசினார்.

"மேலே இருக்கும் இந்தியர் எப்படிப்பட்டவர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை வருடமாக அவரைப் பார்க்கிறீர்கள்?"

"நாலு வருடம்." கொஞ்சம் யோசித்தார். "துணி துவைக்கும் அறைக்கு முறை வைத்திருக்கிறோம். அவர் தன் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் இருந்ததில்லை. பஞ்சு வடிகட்டியையும் சுத்தம் செய்துவிட்டுப் போவார்." அந்த ஊரில் இதைவிடப் பெரிய நற்சான்று இல்லை என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது.

கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் அந்த அட்டையைக் காட்டினார். வாரத்தின் நாட்கள், மணிகள், எதிரே பெயர்கள். மற்றவர்கள் பெயர் ஒரு முறைதான் இருந்தது. பாஸ்கரன் பெயர் இரண்டு முறை. தனி ஆளுக்கு வாரம் இரண்டு துவைப்பு. "சுத்தக்காரர்" என்று எழுதிக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பசித்தது. உருளைக்கிழங்கும் நம் சதகுப்பைக் கீரை மாதிரி வாசனையான ஒரு தழையும் போட்டுத் தருகிற ஓர் இடத்தைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். அங்கே போய்விட்டேன். ஐந்து மணி வரை அந்தப் படியில் நின்றிருந்தால் விசாரணை அன்றே முடிந்திருக்கும். இதைப் பிறகுதான் கணக்கிட்டேன்.

புதன்கிழமை ஆற்றைக் கடந்து கப்பல் கட்டும் இடத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் சைக்கிளோடு ஏறும் படகு. ஏழு நிமிடம். பாஸ்கரனோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பார்க்கக் கருத்தரங்கில் சந்தித்த நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். உயரமான ஆள், வரைபடப் பிரிவில் மூத்தவர். காண்டீனில் எனக்காக மீனைத் தவிர்த்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்திருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதாவது, உங்கள் அக்கா மகள் அவனைப் பார்த்ததில்லை?"

"போட்டோ பார்த்திருக்கிறாள்."

"சரி, கேளுங்கள்."

கேட்டேன். குடிப்பானா? "ரொம்பக் குறைவு. எங்களுக்கு அது ஏமாற்றம்." சீட்டாட்டம்? "இல்லை." வேலை எப்படி? "மிக நல்ல வேலைக்காரன். நாலே கால் ஆனால் பென்சிலை வைத்துவிட்டு ஓடுவான், அதுதான் ஒரே குறை." கல்யாணம் ஆகியிருக்கிறதா? "இல்லை."

அடுத்த கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. பெண் சகவாசம் என்று நம் ஊரில் சொல்வதை அந்த மனிதரிடம், அந்த வெளிச்சமான காண்டீனில், எந்தச் சொல்லில் கேட்பது? "பழக்கவழக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டு நிறுத்தினேன். "நல்ல பழக்கம்தான்" என்றார் அவர். பிறகு, உண்மையாகவே புரியாமல், கேட்டார்:

"இதையெல்லாம் அவனையே கேட்கலாமே? முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடட்டுமா?"

சிரித்து மழுப்பினேன். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்பது நம் வழக்கமில்லை என்று விளக்கினேன். ஊர் முழுக்கக் கேட்கலாம், அவனை மட்டும் கேட்கக் கூடாது. "சுவாரஸ்யம்" என்றார் அவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் அவன் எப்போது பேசுவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பாஸ்கரனே விடுதிக்கு வந்து அழைத்துப்போனான். "இன்னைக்கு வேணாம், நாளைக்கு வேணாம், வியாழக்கிழமை வாங்க சார்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான். முப்பது வயது. நிதானமான பேச்சு. டிராமில் ஏறும்போது ஒரு பெண் தள்ளுவண்டியோடு திணறினாள். இவன் குனிந்து முன்பக்கத்தைத் தூக்கி உள்ளே வைத்து, கால் நுனியால் சக்கரத்தின் தடையை அழுத்திவிட்டு, பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தான். "உதவும் குணம்" என்று எழுதினேன்.

வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னான். அந்த நாட்டில் எல்லாரும் கழற்றுகிறார்கள் என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் காலணியை வாசலில் விடுகிறான்! குனிந்து என் ஷூவை அலமாரியில் வைத்தேன். கீழ்த்தட்டில் அவனுடைய இரண்டு ஜோடிகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். சிவப்பு. என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். நுனியில் காய்ந்த மண்.

நிமிர்ந்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் திரையைப் பார்த்தேன்.

"அப்பா என்னைப் பத்தி எல்லாம் எழுதியிருக்காரா சார்?" என்றான்.

"எல்லாம் எழுதியிருக்கார், எல்லாம் எழுதியிருக்கார்" என்றேன். எதையும் எழுதவில்லை. சம்பளமும் நட்சத்திரமும்தான் அக்காவிடம் எழுதிக்கொடுத்திருந்தார். ஒரு சங்கடத்தைக் கடப்பதற்காகச் சொன்ன வார்த்தை.

அவன் முகம் தெளிந்தது. "அப்போ சரி சார். காப்பி போடட்டுமா?" என்றான். ரசம் வைத்திருந்தான், மிளகு தூக்கலாக. சுகந்திக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டு முறை கேட்டான். புத்தகம் என்றேன். இங்கே நூலகம் மிக நன்றாக இருக்கும், டிராமில் மூன்றே நிறுத்தம் என்றான். அதை எழுதிக்கொண்டேன். பூட்ஸையும் எழுதினேன். பார்த்ததை எழுதாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. யாராவது நண்பர் வீட்டுக் குழந்தையுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்களுடைய நடுக்கோடைப் பண்டிகையின் முன்நாள். இது எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு எழுந்து வெளியே வந்தால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. எங்கள் ரொக்ஸ்பரோ தெருமுனையில் தெபனர் என்கிற சில்லறைக் கடைக்காரன்கூட கிறிஸ்துமஸ் அன்று பாலும் சிகரெட்டும் விற்கத் திறந்திருப்பான். இங்கே ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிராமில் இலைக்கிளைகளோடும் ஸ்ட்ராபெரிக் கூடைகளோடும் ஜனங்கள். பெண்கள் தலையில் பூ வளையம். முதல் முறையாக அவர்கள் சத்தமாகப் பேசினார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள்.

தந்தி அலுவலகம் ஒரு மணிக்கு மூடும் என்று விடுதியில் சொன்னார்கள். அவசரத்தில் எதிர்த்திசை டிராமில் ஏறிவிட்டேன். ஆறு நிறுத்தம் போன பிறகுதான் பாரந்தூக்கிகள் எதிர்ப்பக்கம் நகர்வதைக் கவனித்தேன். இறங்கி, ஓடி, வேறு டிராம் பிடித்து அலுவலகத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. சீட்டைக் கிழித்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் தாளை வாங்கினாள். "விசாரித்தேன். முழுத் திருப்தி. மேலே நடக்கட்டும்." இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவள் சொற்களை எண்ணி, முத்திரை குத்தி, "இனிய பண்டிகை" என்றாள். நானும் சொன்னேன்.

அந்தத் தவறான டிராமில் இன்னும் இரண்டு நிறுத்தம் கவனிக்காமல் போயிருக்கலாம். இந்த ஆறு வருடத்தில் இதை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று மட்டும் குறித்து வைக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அக்டோபரில் சுகந்தி கோத்தன்பர்க் போனாள். இரண்டு கடிதம் எழுதினாள், இரண்டும் சீதோஷ்ணம் பற்றி. பிறகு எழுதவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் கமலாவுக்கு ஒரு கடிதம் வந்தது: "அத்தை, அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாமா?" டோர்வல் விமான நிலையத்தில் இறங்கும்போது மெலிந்திருந்தாள். சென்னைக்குப் போக மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதைக் கமலாவும் நானும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம்.

"போன முதல் ஞாயித்துக்கிழமை மாமா. மணி அடிச்சுது. கதவைத் திறந்தா ஒரு குழந்தை. வந்து பூட்ஸைக் கழட்டி தட்டுல வச்சிட்டு நேரா உள்ள போச்சு. கட்டில்ல உக்காந்து என்னைப் பாத்து ஏதோ கேட்டுது. என்ன கேக்குதுன்னு அவரைக் கேட்டேன். 'யார் இவங்க, எப்ப வீட்டுக்குப் போவாங்க'ன்னு கேக்குதுன்னார்."

குழந்தையின் தாய் அதே ஊரில்தான் இருந்தாள். அவளும் பாஸ்கரனும் மூன்று வருடம் ஒன்றாக வாழ்ந்து பிரிந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த நாட்டில் அது யாருக்கும் ஒரு விஷயமில்லை. ஞாயிறு முதல் புதன் வரை குழந்தை தகப்பனிடம். காண்டீனில் அந்த மனிதர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லலையா அவன்?" என்றாள் கமலா.

"எனக்குத் தெரியும்னு நினைச்சாராம் அத்தை. எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சாராம்."

அவனுடைய அப்பாவை என் அக்கா போய்க் கேட்டபோது, "அது கல்யாணமே இல்லையேம்மா, அதைப் போய் ஏன் சொல்லணும்?" என்றாராம். நான் பாஸ்கரனுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் நான்கே வரி. "நீங்கள் பூட்ஸைப் பார்த்தீர்கள். அப்பா எல்லாம் எழுதியதாகச் சொன்னீர்கள். பார்த்த பிறகும் சரி என்று தந்தி கொடுத்தீர்கள். கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன் சார்." அவன் முழு யோக்கியன் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் மறுகடிதம் எழுதவில்லை.

"அந்தக் குழந்தை மேல எனக்குக் கோபம் கிடையாது" என்று சுகந்தி ஒரு நாள் சொன்னாள். "அந்தக் கல்யாணத்துல எங்கிட்ட நேரா கேள்வி கேட்டது அது ஒண்ணுதான். தலை வாரி விட்டா பேசாம உக்காந்திருக்கும். லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போவேன். நல்ல லைப்ரரி மாமா, நீங்க லெட்டர்ல எழுதினது சரி."

இப்போது அவள் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நாலு வருடமாக எங்களோடுதான் இருக்கிறாள், காலை ஏழு இருபது ரயிலில் போகிறாள். பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் பழைய குறிப்பேட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

டிராம் எண்களைப் படித்துச் சிரித்தாள். புளித்த பாலில் உப்புப் போட்டதைப் படித்து, "ஐயோ மாமா" என்றாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள். பக்கம் இருபத்தொன்பது.

"இதை எழுதிட்டுத்தான் மறுநாள் தந்தி கொடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"நேரம் போட்டிருக்கீங்க. சாயங்காலம் ஆறு நாப்பது. கலர் போட்டிருக்கீங்க. நுனியில மண்ணு இருந்ததுகூடப் போட்டிருக்கீங்க."

கமலா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

சுகந்தி என் பேனாவை எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே ஏதோ எழுதினாள், மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். நாற்பத்தொரு பக்கத்தில் வேறொருவர் கையெழுத்து இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான்.

"சிவப்பு ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி, சிறியவை" என்று நான் எழுதியிருந்தேன். அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: "லீனா. வயது மூன்று."